தெரியாதவர்

மீட்டர் முப்பத்தெட்டு வாட்டுக்குக் கீழே இறங்க மறுத்தது. சுவர் பிளக்குக்கும் வீட்டு சர்வர் கணினிக்கும் நடுவே அவன் செருகியிருந்த அந்தச் சிறு பெட்டி மதியத்திலிருந்து அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. தேவையில்லாத நிரல்களை நிறுத்தியாயிற்று. எழுத எதுவும் இல்லாதபோது ஹார்ட் டிஸ்க் தானே தூங்கிவிடும்படியும் செய்தாயிற்று. டிஸ்க் தூங்கவில்லை. அலமாரியின் அடித்தட்டில், சூடேறிய தூசி வாடைக்குள், யாரோ நகத்தால் தகரத்தைப் பொறுமையாகச் சுரண்டுவதுபோல் அது ஓடிக்கொண்டே இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன் மகளுக்குத் தூக்கத்தில் வலிப்பு வந்தது. அன்றிலிருந்து அவள் அறையில் ஒரு கேமரா. அதைப் பதிந்து, அவள் உடல் வெட்டி இழுத்தால் அலறி அவனை எழுப்புவது சர்வரின் வேலை. மனைவி இரவுப் பணி நர்ஸ். அவனோ இடி விழுந்தாலும் எழாதவன். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் நாலு மணி நேரம்தான் தாங்கியது.

"உங்க சின்ன வீடு தின்னே பேட்டரியைக் காலி பண்ணுது," என்று மனைவி காலையில் படுக்கப் போகும்போது சர்வரைக் காட்டிச் சொல்லியிருந்தாள். "அவளைக் கொஞ்சம் பட்டினி போடுங்க. விடியிற வரைக்கும் தாங்கலன்னா நான் இன்னைக்கு டூட்டிக்குப் போகல."

"சாயங்காலத்துக்குள்ள பாதியாக்கிடுறேன். நீ தூங்கு."

அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி கேமராவை மாற்றியிருந்தான். மகள் பள்ளியில் இருந்தாள், அறை காலி. பிறகு எது அசைகிறது?

திரையைத் திறந்தான். மடித்த போர்வை, சாத்திய ஜன்னல். கட்டிலின் நடுவே, ஆளைக் கண்டால் நிரல் வரையும் சிவப்புக் கட்டம், ஒரு குழந்தை படுத்திருக்கும் அளவுக்கு. அதன் ஓரங்கள் மெல்ல விரிந்தன, மெல்லச் சுருங்கின. மேலே ஒரு சொல்: தெரியாதவர்.

எழுந்து போய்ப் பார்த்தான். மின்விசிறி ஓடவில்லை. ஈரத் தலைமுடியின் வாடை லேசாக இருந்தது. விரிப்பில் கை வைத்தான். வெதுவெதுப்பு. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஜன்னல் வடக்கே பார்த்தது.

திரும்பி வந்தபோது கட்டம் நிமிர்ந்திருந்தது. உட்கார்ந்திருப்பதுபோல.

வீட்டு ஆட்களை அடையாளம் காட்டிவிட்டால் அவர்களின் சாதாரண அசைவுகளைப் பதியாது. வலிப்பை மட்டும் கவனிக்கும். அவனே எழுதிய நிரல். "இவர் யார்?" என்று திரையில் கேட்டது. கீழே மூன்று பெயர்கள்: அப்பா, அம்மா, குட்டி. யாருமில்லை என்று சொல்ல அவன் இடம் வைத்திருக்கவில்லை.

அளவு பொருந்துகிறது, கட்டிலும் அவளுடையது. 'குட்டி'யை அழுத்தினான்.

கட்டம் பச்சையானது. டிஸ்க் ஒருமுறை முனகி நின்றது. பதினாறு வாட். விடியும் வரை தாங்கும். அவன் சிரித்தேவிட்டான்.

ஆறு மாதமாக அந்த வீட்டில் இல்லாத நிசப்தம் அது. அதற்குள்ளிருந்து மெல்ல ஒரு சத்தம் மேலே வந்தது. தட், தட், தட். மகளின் அறையிலிருந்து.

மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடி காலி. மடிக்கு ஒரு சாண் மேலே அவள் கை இறங்கி, எதன்மீதோ பட்டு நின்று, மீண்டும் எழுந்தது.

"எப்ப எழுந்த?"

"மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண்ணசந்தா."

வாசலில் வேன் ஹாரன். ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். மகள் நின்றாள். தோளில் பை, அவிழ்ந்த ஷூ லேஸ்.

"அப்பா, பசிக்குது."

பின்னால் காலடிகள். மனைவி கூடத்துக்கு வந்துவிட்டாள். ஒரு கை இடுப்பருகே எதையோ தாங்கியிருந்தது.

"யாருங்க இந்தப் பொண்ணு? வீடு மாறி வந்துட்டாளா?"

"அம்மா," என்றாள் மகள்.

மனைவி பரிவோடு சிரித்தாள். மருத்துவமனையில் அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. அவள் தோளில் நைட்டித் துணி ஐந்து சிறு மடிப்புகளாகக் கசங்கி இறுகியிருந்தது.

மகளை உள்ளே இழுக்க வேண்டும். கையை நீட்டினான்.

"குட்டி," என்று கூப்பிட்டான். "வா."

மகள் அசையவில்லை. அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே பார்த்தாள்.

நைட்டியின் மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்தன.

ஈரத் தலைமுடியின் வாடை. கழுத்தருகே மூச்சு. அவன் சட்டைக் காலர், ஐந்து சிறு மடிப்புகளாக, மெல்லச் சுருங்கியது.