பதினோரு ஜோக்குகள்

எந்தப் பொருளைப் பார்த்தாலும், அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அப்படித்தான் வீட்டு அலாரக் கடிகாரத்தைப் பிரித்தேன். திரும்பப் பூட்டியபோது இரண்டு திருகாணிகள் மிச்சமாகின.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

என் பெஞ்சில் உட்காரும் தோழி, பாடம் நடக்கும்போதே தூங்கிவிடுவாள். அதைவிட விநோதம், அவள் சிரிக்கும்போது நடப்பது. தலை தொங்கும், முழங்கால் மடங்கும், மெல்ல மெல்லத் தரையில் சரிந்துவிடுவாள். ஒரு நிமிடத்தில் எழுந்துகொள்வாள். நான்தான் அவளுக்குப் 'பஞ்சு' என்று பெயர் வைத்தேன்.

என்ன செய்தால் விழுகிறாள் என்று ஆராய்ந்தேன். பயமுறுத்தினால் விழவில்லை. கிச்சுகிச்சு மூட்டினாலும் விழவில்லை. எதிர்பாராத ஜோக் சொன்னால் விழுந்தாள். எந்தத் தேதி, எந்த ஜோக், எவ்வளவு நேரம் என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்தேன்.

இடைவேளையில் எல்லோரையும் கூப்பிட்டு ஜோக் சொல்வேன். பஞ்சு சரிவாள். வகுப்பே கைதட்டும். "என்னமா நடிக்கிறா பாரு!"

பதினோராவது ஜோக்கில் அவள் முழங்கால் சிராய்த்தது. அதன்பிறகு அவள் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

ஒருநாள் டீச்சர் பஞ்சுவையும் என்னையும் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். "பகல்ல தூங்கறான்னு இவளை அவங்கம்மா டாக்டர்கிட்ட காட்டியிருக்காங்க. அந்த டாக்டர் அனுப்பினது. ஸ்கூல்ல இவ எப்படி இருக்கான்னு கேட்டிருக்காங்க. பக்கத்துலயே உக்கார்றவ நீதானே? ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுங்க."

பஞ்சு ஏற்கெனவே சிலவற்றுக்குப் பதில் எழுதியிருந்தாள். 'சிரிக்கும்போது கை, கால், கழுத்து தளர்கிறதா?' என்ற கேள்விக்கு நேரே, 'இல்லை'.

"ஏண்டி இப்படி எழுதினே?"

"டாக்டரும் நடிக்கிறேன்னு சொல்லிட்டா?" என்றாள் மெதுவாக. "கீழே கிடக்கும்போது என்னால அசைய முடியாது, அவ்வளவுதான். காது நல்லா கேக்கும். நீங்க கைதட்டினதெல்லாம் கேட்டுச்சு."

என் முகம் சூடாகியது. பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

தாளில் 'இல்லை' என்றே இருந்தால், சீக்கிரம் தூங்கச் சொல்லி டாக்டர் அனுப்பிவிடுவார். அவள் விழுந்துகொண்டே இருப்பாள்.

கணக்கு நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். "நீ நடிக்கலை. இதைப் பாரு. ஜோக் சொன்னா மட்டும்தான் விழறே."

அவள் பதினொன்றையும் படித்தாள். "எல்லாம் வேணும்னே பண்ணியா?"

"ஆமா."

"இதை டாக்டர்கிட்ட குடுத்தா, எங்கம்மாவுக்கும் தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்," என்றேன்.

அவள் 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஆமாம்' என்று எழுதினாள். மாலையில் பள்ளி வாசலில் அவள் அம்மாவிடம் நோட்டைக் கொடுத்தேன். "ஆன்ட்டி, அவளை விழவெச்சது நான்தான்."

அவர் நின்றபடியே படித்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலாம் போலிருந்தது. நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து, மதியம் சாப்பிடும்போது பஞ்சு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தலை பூரா ஒயர் ஒட்டினாங்க. ராத்திரி தூங்கவெச்சுப் பாத்தாங்க. மறுநாள் பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை, மொத்தம் அஞ்சு குட்டித் தூக்கம். எவ்வளவு சீக்கிரம் தூங்கறேன்னு பாக்கற பரீட்சையாம்."

"தூங்கறதுக்குப் பரீட்சையா!"

"நான் படிக்காமலே எழுதின ஒரே பரீட்சை," என்றாள். "நார்கோலெப்சின்னு ஒரு தூக்க நோயாம். கனவு காணும்போது எழுந்து ஓடாம இருக்க, மூளை நம்ம கை காலோட ஸ்விட்சை அணைச்சிடுமாம். எனக்குச் சிரிக்கும்போதே அணைஞ்சிடுது. மாத்திரை இருக்கு. உன் நோட்டை டாக்டர் ரெண்டுதடவை படிச்சாங்க."

நான் தலை குனிந்தேன்.

"ஒரு ஜோக் சொல்லு," என்றாள்.

"ஐயோ, வேண்டாம்."

"உக்காந்துதானே இருக்கேன்? தோளைக் குடு."

நகர்ந்து தோளைக் கொடுத்தேன். "காணாமப்போன கண்ணாடியைத் தேட, எங்கப்பா அம்மாவோட கண்ணாடியை வாங்கினாரு. சாயங்காலம் ரெண்டையும் காணோம்."

அவள் சிரித்தாள். தலை மெல்ல என் தோளில் சாய்ந்தது. யாரும் கைதட்டவில்லை.

அவளுக்குக் காது கேட்கும். அது இப்போது எனக்குத் தெரியும்.

"என்னை மன்னிச்சிடு," என்றேன் அவள் காதருகே.

ஒரு நிமிடத்தில் பஞ்சு நிமிர்ந்தாள்.

"கேட்டுச்சு," என்றாள்.