பேச்சில்லாத நேரம்

காலையில் எலும்பு பொறுக்கி, பால் தெளித்து, காவிரியில் கரைத்துவிட்டு, மதியம் பதிவேற்ற மையத்துக்குப் போனோம். இப்போது ஈரோட்டுப் பக்கம் எல்லா வீட்டிலும் அதுதான் முறை. எங்களுக்கு முன்னால் ஈரத்தலையோடு நாலைந்து குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. ஆளாளுக்குக் கையில் ஒரு சின்ன டப்பா. என் டப்பாவுக்குள் என் வீட்டுக்காரர் ஹரிபிரசாத்தின் செவிப்பொட்டு இருந்தது.

செவிப்பொட்டு காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். பார்த்தது, கேட்டது, மனதில் பட்டது எல்லாவற்றையும் கோப்பாகச் சேர்த்து வைக்கும். ஆள் போனபின் அதை நிலைத்தளத்தில் ஏற்றிவிட்டால், திரையில் அவர் முகம் வரும், குரல் வரும், நம்மைத் தெரியும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாயங்காலமானால் அவர் கொஞ்ச நேரம் என்னோடு இருக்கட்டும், அதற்குமேல் எனக்கு எந்த ஆசையும் இல்லை.

மையத்தில் இளநிலா என்ற பெண் பொட்டை வாங்கிச் சொருகினாள். திரையில் சிவப்பாக எழுத்து வந்தது: கோப்பு அளவு மிகப் பெரிது. ஏற்க இயலாது.

"துண்டு துண்டாப் பிரிச்சு அனுப்ப முடியாதுங்களா?" என்று கேட்டான் என் கொழுந்தன் லோகேஷ்.

"துண்டாத்தானுங்ண்ணா அனுப்புறோம். வழியில அறுந்துபோனா விட்ட எடத்துல இருந்து ஏறும், அதுக்குத்தான். ஆனா சர்வர் வாசல்லயே மொத்த அளவையும் பாத்துப்போடும். வரம்பைத் தாண்டுனா உள்ள விடாது."

"அந்த வரம்பைக் கொஞ்சம் கூட்டச் சொல்லு அம்மிணி," என்றேன்.

"எல்லார்த்துக்கும் ஒரே அளவுங்கம்மா. சமம்னு சட்டம்."

சமமாம். எவனோ ஒருத்தன் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, ஓர் ஆயுளுக்கு இவ்வளவு போதும் என்று ஓர் எண்ணைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறான். இளவயதில் போனவருக்கும் அதுதான், தலை நரைத்துப் போனவருக்கும் அதுதான். என் வீட்டுக்காரர் கொஞ்சம் கூடுதலாக வாழ்ந்துவிட்டார், அது அவர் குற்றம்.

"தூங்குன நேரத்தையெல்லாம் எடுத்தாச்சுங்கம்மா. இன்னும் வரம்புக்கு மேலதான் இருக்குது. கருமாதிக்குள்ள ஏத்தலைன்னா பொட்டு செத்துப்போயிரும்," என்றாள் இளநிலா.

"நானும் அண்ணனும் போட்ட வரப்புச் சண்டையெல்லாம் இருக்குமே. அதை எடுத்துருங்க," என்றான் லோகேஷ், தரையைப் பார்த்துக்கொண்டே.

"அதை எடுக்க முடியாதுங்ண்ணா. சத்தமாப் பேசுனதையெல்லாம் தளம் முக்கியம்னு குறிச்சு வெச்சிருக்குது. பேச்சில்லாத நேரத்தை எடுத்தா ஏறிக்கும். எல்லாரும் அதைத்தான் எடுப்பாங்க. சும்மா இருக்கற நேரந்தானுங்களே?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. சும்மா இருந்த நேரத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? தலையை ஆட்டினேன். பச்சையாக எழுத்து வந்தது. பதிவேற்றம் வெற்றி. மூலக்கோப்பு அழிக்கப்பட்டது. ஓர் ஆளுக்கு ஒரு பிரதிதான், அதுவும் சட்டம்.

கருமாதி முடிந்த அன்று சாயங்காலம், நானும் லோகேஷும் வீட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். அவர் வந்தார். அதே முகம், அதே கோணல் சிரிப்பு.

"என்னடா லோகேசு, வரப்பை மறுபடியும் நகத்திப் போட்டியா?"

லோகேஷ் குலுங்கி அழுதான். நான் இன்னும் கிட்டப் போய், "என்னங்க," என்றேன்.

அவர் என்னை மரியாதையாகப் பார்த்தார். "வணக்கமுங்க. ஏன்டா, இவங்க யாருடா?"

நாங்கள் வாழ்ந்த விதம் அப்படி. அவர் நாள் முழுக்க நூற்பாலை இரைச்சலில் நின்றவர். நான் நாள் முழுக்க போனில் யார் யாருடைய புகாருக்கோ பதில் சொல்லித் தொண்டை கட்டியவள். வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எங்களுக்குச் சொகுசு. மொட்டை மாடிப் படிக்கட்டில் அவர் ஒரு படி, நான் ஒரு படி. நான் அவரைக்காய் நார் உரிப்பேன், அவர் உரித்ததை எடுத்து ஒடித்துப் போடுவார். இருட்டியதும் இறங்கி வருவோம். கல்யாணத்தன்றுகூட நாதஸ்வரமும் சொந்தக்காரர்களும்தான் சத்தம் போட்டார்கள், நாங்கள் பேசவில்லை. என்னைத்தான் அந்தப் பாவிகள் வெற்றிடம் என்று வழித்து எறிந்திருக்கிறார்கள்.

"குரல் கேட்டாப்புல இருக்குதுங்க," என்றார் அவர், யோசித்து. "சாப்பிட வாங்கன்னு கூப்புடுவீங்களே... மெஸ் நடத்துற அம்மாவுங்களா?"

லோகேஷ் பதறிப்போய், "அண்ணா, இது நம்ம அண்ணி..." என்று ஆரம்பித்தான். கையைக் காட்டி நிறுத்தினேன். அடுத்தவன் சொல்லிக் கொடுத்துத் தெரிந்துகொள்ள நான் என்ன பாடமா?

"ஆமாங்க. அந்த அம்மாதான்," என்றேன்.

லோகேஷை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அடுப்படியில் இருந்து அவரைக்காயை எடுத்து வந்து, திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நார் உரிக்க ஆரம்பித்தேன். ஒன்றும் பேசவில்லை. அவரும் பேசவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஞாபகம் வருவதுபோல் அவர் முகம் லேசாக மாறியது. நான் காயை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

திரை அணைந்தது. அதன்மேல் ஒரு வரி வந்தது: நீண்ட நேரம் பேச்சில்லாததால் இணைப்பு துண்டிக்கப்பட்டது.