வாப்பா பத்து வயதில் நடந்த தூரம்

இஷ்ராவும் அவளுடைய வாப்பா பாறூக்கும் நாவலடிச்சேனைக்கு வந்து மூன்று நாட்கள் ஆகிவிட்டன. இன்னும் அவர்களால் தங்கள் வீட்டுக் காணியைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அது 2004ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். பத்து வயது இஷ்ராவுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. வாப்பா பிறந்து வளர்ந்த ஊர் முல்லைத்தீவுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த நாவலடிச்சேனைதான். அவருக்கு இருபது வயதானபோது, சண்டைக்காலத்தில், ஊரிலிருந்த முஸ்லிம் குடும்பங்கள் எல்லாவற்றையும் ஆயுதம் ஏந்தியவர்கள் வெளியேற்றிவிட்டார்கள். இஷ்ரா பிறந்தது புத்தளத்தில். இப்போது சண்டை நின்றிருந்ததால் இவர்களைப் போலச் சிலர் திரும்பி வந்து ஊர்ப் பள்ளிவாசலில் தங்கியிருந்தார்கள். உம்மாவும் தம்பி முன்ஸிரும் புத்தளத்தில் காத்திருந்தார்கள்.

வாப்பா தினமும் காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு, மிதிவெடி அகற்றிய பக்கமாகப் புதர் மண்டிய பற்றைக்குள் போவார். கையெல்லாம் முள் கீறிய காயத்தோடு திரும்பி வருவார். "நாளைக்குப் பாப்பம்" என்பார். மூன்றாம் நாள் அவர் அதைக்கூடச் சொல்லவில்லை. பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் ஒட்டிய நாயுருவி விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இஷ்ராவின் முகத்தைப் பார்க்கவேயில்லை. சொந்த வீடு இருந்த இடம் தெரியவில்லை என்பது அவருக்கு வெட்கமாக இருக்கிறது என்று இஷ்ராவுக்குப் புரிந்தது.

மறுநாள் காலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவர் சிவனேஸ்வரி என்ற அக்கா. கிணறுகளைத் துப்புரவு செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் அவர் வேலை செய்தார். மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில், சைக்கிள் ரியூப்பை வெட்டிய பட்டியால், சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கருவி கட்டப்பட்டிருந்தது.

இஷ்ரா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அதன் பெயர் ஜீ.பீ.எஸ். என்று அக்கா சொன்னார். வானத்தில் சுற்றும் செய்மதிகளிடமிருந்து செய்தி வாங்கி, நாம் எங்கே நிற்கிறோம் என்று அது காட்டுமாம்.

"அதுக்கு எங்கட வீடு தெரியுமா?" என்று இஷ்ரா கேட்டாள்.

"அதுக்கு ஒருத்தற்ற வீடும் தெரியாது. நாங்கள் சொல்லிக் குடுக்கிற இடம்தான் தெரியும்" என்றார் அக்கா.

அன்று பின்னேரத்துக்குள் குறிக்கப்படும் கிணறுகளைத்தான் மழைக்கு முன் துப்புரவு செய்வார்களாம். அடுத்த பட்டியல் அடுத்த வருடம்தானாம். கிணறு இல்லாமல் உம்மாவும் தம்பியும் எப்படி இங்கே வருவது?

வாப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். "கிணறு இருக்கு, தங்கச்சி. எங்க எண்டுதான் தெரியேல்ல."

என்ன ஞாபகம் இருக்கிறதோ அதைச் சொல்லும்படி அக்கா கேட்டுக்கொண்டார். வாப்பா நினைவுபடுத்திப் பார்த்தார். பள்ளிவாசல் வாசலிலிருந்து நேர் கிழக்கே ஓர் ஒழுங்கை போகும். அதன் முடிவில் வீடு. பத்து வயதில், ஒவ்வொரு காலையும் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீரைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுவருவது அவருடைய வேலை. எண்ணிக்கொண்டே நடப்பாராம்.

"சரியா நானூறு எட்டு" என்றார்.

அக்கா 408 என்று எழுதினார். வாப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "நானூறுதான், தங்கச்சி. எட்டு எண்டது கால் எட்டு" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாட்களுக்குப் பிறகு வாப்பாவும் சிரித்தார். பிறகு பெருமூச்சு விட்டார். முட்களைச் சுற்றிச் சுற்றி நானூறு எட்டு எத்தனையோ தரம் நடந்து பார்த்துவிட்டாராம். ஒன்றும் அகப்படவில்லையாம்.

இஷ்ரா வாப்பாவின் கால்களைப் பார்த்தாள். நீளமான கால்கள். கடைக்குப் போகும்போதெல்லாம் அவரோடு சேர்ந்து நடக்க அவள் ஓடத்தான் வேண்டும்.

"வாப்பா, அப்ப நீங்கள் என்னளவுதானே இருந்திருப்பீங்கள்?" என்று கேட்டாள்.

வாப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஓம். உன்னளவுதான்" என்று மெல்லச் சொன்னார்.

இஷ்ரா ஓடிப்போய் ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தாள். வெறுங்கையோடு நடந்தால் எட்டு நீளமாகிவிடும் அல்லவா?

பள்ளிவாசலுக்கு முன்னால் இருந்த நேரான வீதியில் அவள் எண்ணிக்கொண்டு நடந்தாள். அக்கா பக்கத்தில் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டி வந்தார். நூறு ஆனபோது கை வலித்தது. இருநூறில் தண்ணீர் தளும்பிப் பாவாடை நனைந்தது. வாப்பா பின்னால் வந்து வாளியைத் தரும்படி கேட்டார்.

"நீங்கள் தூக்கினால் கணக்குப் பிழைச்சிடும்" என்று சொல்லிவிட்டு அவள் தொடர்ந்து நடந்தாள்.

நானூறில் வாளியை வைத்தாள். அக்கா கருவியைப் பார்த்தார். புறப்பட்ட இடத்திலிருந்து நூற்றுத் தொண்ணூறு மீற்றர். பிறகு வாப்பாவை நானூறு எட்டு நடக்கச் சொன்னார்கள். முந்நூறு மீற்றருக்கு மேல் வந்தது.

"நான் வீட்டைத் தாண்டிப் போய்த் தேடியிருக்கிறன்" என்றார் வாப்பா.

பள்ளிவாசல் வாசலிலிருந்து நேர் கிழக்கே நூற்றுத் தொண்ணூறு மீற்றர் என்று அக்கா கருவியில் ஓர் இடத்தைக் குறித்தார். பழைய ஒழுங்கை பற்றை மூடிக் கிடந்ததால் அதில் மோட்டார் சைக்கிள் போக வழியில்லை. மிதிவெடி அகற்றியவர்கள் வேலை முடித்து, ஆபத்தில்லை என்று காட்ட வெள்ளைக் கட்டைகள் நட்டிருந்த பாதை குளக்கட்டுப் பக்கமாகச் சுற்றிப் போனது. அக்கா அதில் ஓட்டினார். இஷ்ரா பின்னால் இருந்து அவருடைய தோளுக்கு மேலால் கருவியைப் பார்த்து எண்களை வாசித்தாள். வாப்பா சைக்கிளில் வந்தார்.

சுற்றிப் போனதால் தூரம் முதலில் கூடி, பிறகு குறைந்துகொண்டு வந்தது. முந்நூறு. இருநூறு. நூற்றிருபது. பிறகு அம்புக்குறி இடது பக்கம் திரும்பியது. நாற்பது மீற்றர்.

அங்கும் வெள்ளைக் கட்டைகள் இருந்தன. ஆனால் ஒரே பற்றை. அக்கா கருவியைக் கழற்றிக்கொண்டு வாப்பாவோடு இறங்கினார். மூடிக் கிடக்கும் கிணற்றில் யாராவது விழுந்துவிடக்கூடும் என்பதால் இஷ்ராவை மோட்டார் சைக்கிளடியில் நிற்கச் சொன்னார்கள்.

கத்தி வெட்டும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல் கேட்டது. "மரத்துக்குக் கீழ இந்தக் கருவியும் தடுமாறுது, அண்ணா. இனி நாங்கள்தான் தேடவேணும்."

வாப்பா ஒரு நீளத் தடியால் நிலத்தைக் குத்திக் குத்திப் பார்த்தார். இஷ்ரா கால்விரல்களில் எம்பி நின்று பார்த்தாள்.

டொக்.

மண் சத்தமில்லை. சீமெந்துச் சத்தம். அதன்பிறகு கொடிகளை வெட்டி இழுக்கும் சத்தம் கேட்டது.

"இஷ்ரா, வா மகள்" என்று வாப்பா கூப்பிட்டார். "என்ர கால் பட்ட இடத்திலேயே கால் வைச்சு வா."

அவள் தாவித் தாவிப் போனாள். கொடிகளுக்கு நடுவே வட்டமாக ஒரு கிணற்றுக்கட்டு. அதில் பாதி இடிந்திருந்தது. வாப்பா ஒரு கையால் அதைத் தடவிக்கொண்டும், மற்றக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டும் நின்றார். இஷ்ரா பக்கத்தில் போய் அவருடைய சாரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா பட்டியலில் அந்தக் கிணற்றை எழுதிக்கொண்டு, அடுத்த கிணற்றுக்குப் புறப்பட்டார். மோட்டார் சைக்கிள் சத்தம் குளக்கட்டுப் பக்கம் தேய்ந்து மறைந்தது.

வாப்பா காணியைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பழைய வீடு எங்கே நின்றது என்று சொல்லப்போகிறார் என்று இஷ்ரா நினைத்தாள். ஆனால் அவர் குனிந்து, "குசினியை எந்தப் பக்கம் கட்டுவம்? நீ சொல்லு" என்று கேட்டார்.

இஷ்ரா நன்றாக யோசித்தாள். சமைக்கும்போது உம்மாவுக்கு வெயில் படக்கூடாது. தண்ணீரும் பக்கத்தில் இருக்கவேண்டும். கிணற்றுக்குப் பக்கத்தில் நின்ற வேப்ப மரத்தடியைக் காட்டினாள்.

வாப்பா ஒரு தடியை வெட்டி, குசினிக்கு அடையாளமாக அங்கே நட்டார்.