சேற்றுக்கு அப்பால் நாகாத்தை

“வள்ளம் இதுக்கு மேல போகாது, தங்கச்சி. சேறு விழுங்கிப்போடும்!” என்றான் இளையப் பணிக்கன்.

அவன் வன்னிக் காட்டில் யானை பிடிப்பவன். யானைக்குப் போடும் தோல் கயிற்றின் ஒரு நுனியைக் கதிராசியின் இடுப்பில் இறுக்கிக் கட்டினான்.

“ஆபத்தெண்டால் கயித்தைச் சுண்டு, இழுத்தெடுப்பன். ஆனா, தப்பி வந்தவள் ஏன் திரும்ப அங்க போறாய்?”

கதிராசி முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். சேற்றில் குதித்தாள்.

டச்சுக்காரரான ஒல்லாந்தர் ஆண்ட காலம் அது. எதிரே தெரிந்த தீவில், ஒரு முதலியாரின் தோட்டத்தில் அடிமையாகவே பிறந்தவள் அவள். போன மாரியில் நாகாத்தையும் அவளும் சேர்ந்துதான் ஓடினார்கள். இதே சேற்றில் நாகாத்தை இடுப்பளவு புதைந்து, கதிராசியின் சேலையைப் பற்றினாள். பின்னால் நாய்கள்! கதிராசி அந்த விரல்களைப் பிய்த்தெறிந்துவிட்டு ஓடினாள்.

அவள் அடைக்கலம் புகுந்த காட்டு ஊர் அவளை வீரி என்று கொண்டாடியது. கூட வந்தவள் எங்கே என்றவர்களிடம், “செத்துப்போனா” என்று சொல்லியிருந்தாள். நாகாத்தை அக்கரையில் உப்பு வாருகிறாள் என்று ஒரு மீன்காரன் வந்து சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

உச்சி வெயில். கங்காணி பூவரச நிழலில் உறங்கிக்கொண்டிருந்தான். கதிராசி கரையேறி, உப்புக் குவியலருகே குந்தியிருந்த நாகாத்தையிடம் ஊர்ந்துபோனாள்.

“அக்கா! எழும்புங்கோ, ஓடுவம்!”

நாகாத்தை அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு சேலையை விலக்கிக் காலைக் காட்டினாள். பிடிபட்ட அன்றே குதிகால் நரம்பை அறுத்துவிட்டிருந்தார்கள்.

“எதால ஓடுறது?”

பூமி பிளந்து தன்னை உள்வாங்காதா என்றிருந்தது கதிராசிக்கு. அதற்குள் நாய் குரைத்தது! கங்காணி துள்ளி எழுந்தான்.

“என்ர முதுகில ஏறுங்கோ!”

“பாதியில போட்டிட்டு ஓடவோ?”

கதிராசி தலைகுனிந்தாள். தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து நாகாத்தையின் இடுப்பில் கட்டினாள். அவளைச் சுமந்துகொண்டு சேற்றில் பாய்ந்தாள். தொடை புதைந்தது, மார்பு புதைந்தது. துரத்தி வந்த கங்காணியும் புதைந்து, “ஐயோ, ஆராவது வாங்கோ!” என்று அலறினான்.

“பணிக்கன் அண்ணை, இழுங்கோ!” என்று கத்தினாள் கதிராசி.

கயிறு விறைத்தது. கதிராசி அடியிலிருந்து உந்திவிட, நாகாத்தை வழுக்கிக்கொண்டு வள்ளத்தை நோக்கிப் போனாள். கதிராசியின் கழுத்துக்குச் சேறு வந்துவிட்டது. இனிப் போனால் போகட்டும் என்று கண்ணை மூடினாள்.

தோளில் சுளீரென்று சுருக்கு விழுந்தது! களிறுகளை மடக்கிய கைக்குக் குறி தப்புமா? வள்ளத்தில் ஏறிவிட்ட நாகாத்தையும் பணிக்கனோடு சேர்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

அன்று மாலை ஊரே திரண்டு குரவையிட்டது. “எங்கட வீரி!” என்று ஒருத்தி மாலையோடு வந்தாள். கதிராசி கையெடுத்துத் தடுத்தாள்.

“போடாதேங்கோ. அண்டைக்கு இவ செத்துப்போனா எண்டது பொய். உயிரோட விட்டிட்டு ஓடினனான்.”

குரவை நின்றது. எல்லோரும் நாகாத்தையைப் பார்த்தார்கள்.

“ஓம், விட்டிட்டு ஓடினவள்தான்,” என்றாள் நாகாத்தை. “பிறகு வந்து தூக்கினவளும் அவள்தான். சொல்லுறதெண்டால் ரெண்டையும் சொல்லுங்கோ.”

கால் நோக, தான் இருந்த பாயில் மெல்ல நகர்ந்து அவளுக்கு இடம்விட்டாள்.

“இரடி பிள்ளை. பசிக்குது, ரெண்டுபேரும் சாப்பிடுவம்.”