ரஞ்சனியின் வரி எங்கே?

ரஞ்சனிக்குக் கோபம் மூக்குநுனியில் இருந்தது. இருக்காதா பின்னே?

கணினி ஆசிரியை ஜெயசுதா, ஏழாம் வகுப்புக்காக ‘எங்கள் செஞ்சி’ என்று ஒரு விக்கிப் பக்கம் தொடங்கியிருந்தார். வகுப்பில் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். பிறர் எழுதியதையும் திருத்தலாம். முதலில் எழுதியவள் ரஞ்சனி. கடைசியாக எழுதியவளும் அவளேதான்! வேறு ஒருவரும் தொடவில்லை.

“இந்த பீரியட் முடியறதுக்குள்ள மத்தவங்களும் எழுதணும். இல்லன்னா ஆண்டு விழாவுல இதைப் பெரிய திரையில காட்ட முடியாது” என்று சொல்லிவிட்டார் ஆசிரியை.

ரஞ்சனியோ, விழாவுக்கு வரும்படி தன் நைனாவிடம் வேறு சொல்லி வைத்திருந்தாள்.

பக்கத்துக் கணினியில் விமல்ராஜ் விரலைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“ஏன்டா, ஒரு வரி எழுதினா கை தேஞ்சிடுமா?”

“நீதான மேல பெருசா ‘அழிக்காதீர்கள்’னு போட்டு வெச்சிருக்கற? போர்டுல அப்டி போட்டிருந்தா யாராவது கை வெப்பாங்களா?”

ரஞ்சனி திரையைப் பார்த்தாள். அட, ஆமாம்! கரும்பலகையின் ஓரத்தில் எழுதுகிற பழக்கத்தில் இங்கேயும் போட்டுவிட்டாள்.

“எடுத்துட்டா, நான் எழுதினதை யாராவது அழிச்சிடுவாங்களே?”

“அழிச்சாலும் பழசு உள்ள பத்திரமா இருக்கும்னு மிஸ் சொன்னாங்க இல்ல? நீ எங்க கேட்ட!”

ரஞ்சனி அந்த வார்த்தையை நீக்கினாள். பிறகு எழுந்து நின்றாள்.

“எல்லாரும் கேளுங்க! உங்க ஊரைப் பத்தி எழுதுங்க. நான் எழுதினது தப்புன்னா மாத்துங்க. கோச்சிக்க மாட்டேன்.” கொஞ்சம் யோசித்து, “ரொம்பக் கோச்சிக்க மாட்டேன்” என்றாள்.

விமல்ராஜ் முதல் வேலையாக அவளுடைய முதல் வரியிலேயே கை வைத்தான்.

“கோட்டை ஒரு மலை மேலயா இருக்குது? மூணு மலை! தெனம் பஸ்ஸுல பாத்துக்கினு வரேன்.”

ரஞ்சனி பல்லைக் கடித்துக்கொண்டாள். சொன்ன வாக்கு ஆயிற்றே!

சற்று நேரம் கழித்து, பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாள். தொண்டூர் ஜெயஸ்ரீ எழுதியிருந்தாள்: ‘எங்கள் ஊர்ப் பாறையில் படுக்கைகள் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சமண முனிவர்கள் படுத்தவை. நான் படுத்துப் பார்த்தேன். முதுகு வலித்தது.’

மறுபடி புதுப்பித்தாள். பனமலை இளவழகன் ஏரியையும், அதன் பக்கத்தில் பல்லவர் காலத்துக் கோயிலையும் கொண்டுவந்திருந்தான். மறுபடி புதுப்பித்தாள். ஏரிக்கு யாரோ கொக்குகளைச் சேர்த்திருந்தார்கள்!

ரஞ்சனி வாயைப் பிளந்தாள். ஈ நுழைந்திருந்தால்கூடத் தெரிந்திருக்காது. பிறந்ததிலிருந்து இதே செஞ்சியில்தான் இருக்கிறாள். தன் ஊரைச் சுற்றி இத்தனை அதிசயமா!

மணி அடித்தது. ஆசிரியை வந்து பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். அவர் கண்களும் விரிந்தன.

“விழாவுல இதைத்தான் காட்டப் போறோம். இதுல நீ எழுதினது எது ரஞ்சனி?”

ரஞ்சனி தேடினாள். ஆளாளுக்குத் திருத்தியிருந்த அவள் வரிகளில் விமல்ராஜின் மலைகள் நின்றன, ஜெயஸ்ரீயின் பாறை கிடந்தது, யாருடையவோ கொக்குகள் பறந்தன.

“எதுன்னே தெரியல மிஸ்!” என்று துள்ளிக் குதித்தாள் ரஞ்சனி.