வேகவதி வீட்டுச் சம்பந்தம்

செவ்வாய்க் கோளின் கழுகுக்குழி ஊரில், காற்று அடைத்த ஏழாம் குமிழில், ஆவுடையப்பன் வீட்டுக் கூடத்தில் அன்று காலை பத்து மணிக்கு இருந்தவர்கள் நான்கு பேரும் ஒரு வண்டியும். சுவரை ஒட்டிய பெரிய நாற்காலியில் ஆவுடையப்பன், இடது காலை முக்காலியின்மேல் தூக்கி வைத்தபடி. அவருக்கு வலப்புறம் தரகர் தளவாய், மடியில் பதிவேட்டோடு. எதிர்ப்பாயில் வேகவதி ஊர்தி நிறுவனத்தின் சார்பில் வந்த ஜெசிந்தா. சமையலறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு ஆவுடையப்பனின் மகள் வடிவம்மை. கூடத்தின் நடுவே, விரித்த ஜமுக்காளத்தில், நான்கு சக்கரங்களையும் உள்ளே மடக்கிக்கொண்டு, நெற்றியில் குங்குமப் பொட்டோடு, 'அணில்' வகைச் சிற்றூர்தி ஒன்று.

அன்று வண்டி பார்க்கும் நாள். மனிதர்கள் பெண் பார்க்கும் வழக்கம் செவ்வாயில் ஒழிந்து அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் பழகிய பழக்கம் போக்கிடம் இல்லாமல் வண்டிகள்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு ஊர்திமனம் இருந்தது. அது ஒரு வீட்டாரோடு பிணைந்தால், அவர்களின் மூச்சு, நாடித்துடிப்பு, பயம் எல்லாவற்றையும் தனக்குள் எழுதிக்கொள்ளும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அதைப் பிரிக்க முடியாது. ஆகவே பொருத்தம் பார்த்தார்கள். நிறுவனத்தார் கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவருவார்கள். வீட்டார் சாப்பிடுவார்கள். மூன்று நாளுக்குள் காகிதத்தில் கடிதம் போகவேண்டும், ஏனென்றால் மின்மடலை எந்த ஊர்திமனமும் திருத்திவிடும். கடிதம் எழுத இரு தரப்புக்கும் உரிமை இருந்தது. நாற்பது ஆண்டுகளில் வண்டித் தரப்பு அதைப் பயன்படுத்தியதே இல்லை. ஒன்பது வீடுகள் மறுத்துவிட்ட ஊர்திமனத்தைத் துடைத்துவிடுவார்கள். இடையில் ஒரு வீட்டார் சம்மதக் கையெழுத்துப் போட்டால் பழைய மறுப்புகள் எல்லாம் நீங்கிவிடும்.

இந்த அணிலை எட்டு வீடுகள் மறுத்திருந்தன.

ஆவுடையப்பனுக்கும் வேகவதிக்கும் இருபத்தாறு ஆண்டுப் பகை. ஊர்த்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியேற்கப் போன நாளில் அவர் புது வேகவதி 'முயல்' ஒன்றில் ஏறினார். அது பாதி வழியில் படுத்துவிட்டது. வெப்பமும் நின்றது. இடது காலில் மூன்று விரல்கள் பனியில் கருகிப்போயின. கடைசியில் கழிவு அள்ளும் ஊர்தி ஒன்று கயிறு கட்டி இழுத்துவந்து, ஊரே மாலையோடு காத்திருந்த மன்றத்தின் வாசலில் அவரை இறக்கிவிட்டது. அன்று முதல் அவர் 'கயிற்று ஆவுடையப்பன்'. அடுத்த தேர்தலில் அந்தப் பெயரே அவரைத் தோற்கடித்தது.

வேகவதி பிறகு கைமாறியது. பட்டறை, பொறி, ஆட்கள் எல்லாம் மாறின. அணில் வகை வந்து ஏழு ஆண்டுகளில், வெளியூர்களில் ஓடுகிறவற்றில் ஒன்றுகூட வழியில் நின்றதில்லை. ஆவுடையப்பனுக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் கோபம் கூடியது. ஒரு வீட்டார் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வண்டி பார்க்கலாம் என்பது விதி. தவணை தவறாமல் ஒரு அணிலை வரவழைப்பார். கேசரியை வழித்துத் தின்பார். மூன்றாம் நாள் மறுத்துக் கடிதம் போடுவார். ஊர்ப் பெரியவரே மறுத்தபின் மற்றவர்கள் எப்படி வாங்குவார்கள்? அவர் கடிதமே ஒன்பதாவது மறுப்பாகிப் போனதில் இரண்டு அணில்களின் மனம் துடைக்கப்பட்டிருந்தது.

இந்த முறை ஒரு வித்தியாசம். வடிவம்மைக்குத் தென்முனைப் பனிவயலில் மருத்துவர் வேலை கிடைத்திருந்தது. சொந்த வண்டியோடு ஒன்றாம் தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. மற்ற நிறுவனங்களில் காத்திருப்பு இரண்டு ஆண்டு. இந்த ஊரில் யாரும் வாங்காததால் வேகவதியில் மட்டும் வண்டி இருந்தது.

"அப்பா, இந்த ஒரு தடவையாவது நெசமாப் பாருங்க," என்று காலையிலேயே கேட்டிருந்தாள். "பாக்கத்தானே கூப்பிட்டிருக்கேன்," என்றார். எதற்காகக் கூப்பிட்டார் என்பது அவருக்கே தெளிவாகவில்லை.

"என்ன படிச்சிருக்கு?" என்று தரகரிடம் கேட்டார். வண்டியிடம் அவர் நேராகப் பேசுவதில்லை.

"புழுதிப்புயலு, பனிச்சரிவு ரெண்டுலயும் முதல் வகுப்பு அண்ணாச்சி," என்றார் தளவாய்.

"நடந்து காட்டச் சொல்லும்."

அணில் சக்கரங்களை விரித்துக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தது.

"பின்சக்கரம் இழுக்குதே."

"இழுக்கல ஐயா," என்றாள் ஜெசிந்தா. "உங்க முக்காலிய இடிச்சிரக் கூடாதுன்னு ஒதுங்குது."

"பாடச் சொல்லும்."

அணில் மறுபடி சக்கரங்களை மடக்கிக்கொண்டு, தன் ஒலிப்பானை மெல்ல இழைத்தது. தளவாய் தலையாட்டிக்கொண்டே ஒரு பஜ்ஜியை எடுத்தார்.

"சுருதி சேரல," என்றார் ஆவுடையப்பன். "நீரு திங்கதுல குறியா இரும். சரி, இதோட தாத்தன் முயலு எத்தன பேர நடுவழியில கிடத்துச்சுன்னு கேளும்."

ஜெசிந்தா வாயெடுக்குமுன் வண்டியே பேசியது.

"நானூத்திப் பதினாறு பேரு ஐயா. நீங்க முந்நூத்தி ரெண்டாவது. ஆறு மணி நேரம், பதினோரு நிமிசம். இடது கால்ல மூணு விரலு."

ஆவுடையப்பன் கையில் கேசரி அப்படியே நின்றது. இருபத்தாறு ஆண்டில் வேகவதிக்கு அவர் எழுதாத கடிதமில்லை. ஒவ்வொன்றுக்கும் 'வருந்துகிறோம்' என்ற ஒற்றை வரிதான் பதில். விரல்களை ஒருவரும் எண்ணிச் சொன்னதில்லை.

"எங்க பட்டறையில முழிக்கிற ஒவ்வொரு மனசுக்கும் முதல்ல அந்தப் பட்டியலத்தான் வாசிச்சுக் காட்டுவாங்க," என்றது அணில். "ஒரு தடவ ஏறி உக்காந்து பாருங்க ஐயா. பிடிக்கலைன்னா இறங்கிருங்க."

நேராக அவரிடமே கேட்டதால் மறுக்க வழி தெரியவில்லை. வடிவம்மை கைகொடுக்க, எழுந்து போய் உட்கார்ந்தார். அவளும் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். கதவு மூடியது. சற்று நேரத்தில் இடது காலடியில் மட்டும், விரல்கள் இல்லாத அந்த இடத்தில் மட்டும், தரை இளஞ்சூடாகியது.

"நல்லாருக்கா அப்பா?"

அவர் காலை அங்கேயே அழுத்தி வைத்திருந்தார். இறங்கி வந்தபோது கண் கலங்கியிருந்தது. முதன்முறையாக வண்டியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "பழசயே பேசிட்டிருந்தா பிள்ளைங்க காலத்துக்கு ஆகாது. எங்களுக்குச் சம்மதம்." தளவாயின் பதிவேட்டை வாங்கிக் கையெழுத்தும் போட்டார். வடிவம்மை இறங்கிவந்து சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டாள். ஜெசிந்தா மெல்லச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். அந்தக் கையெழுத்து உலர்ந்தபோது அணிலின் எட்டு மறுப்புகளும் நீங்கின.

அணில் சக்கரங்களை ஒவ்வொன்றாக விரித்து எழுந்தது.

"ரொம்ப சந்தோசம் ஐயா. நாங்க போய் லெட்டர் போடுதோம்."

தளவாய் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை, வேகவதி நிறுவனத்தின் வண்டிக்கூடத்தில் ஜெசிந்தா காகிதத்தோடு அணிலின் எதிரே உட்கார்ந்திருந்தாள். வண்டித் தரப்பின் கடிதத்தை நிறுவன ஆள் எழுதி முத்திரையிட வேண்டும் என்பது சட்டம். எழுதுவதை மறுக்க அவளுக்கு உரிமையில்லை. வாதாட மட்டும் இருந்தது.

"அந்தப் பொண்ணு உன்னைய என்ன செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல. ஏறி உக்காந்தப்ப அவ நாடியக் கேட்டேன். தங்கமான பிள்ளை. அவளுக்கு ஓடக் குடுத்துவச்சிருக்கணும்."

"ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஆறு நாளுதான் இருக்கு. அவங்க வேற வண்டி பாக்க மூணு மாசம் ஆகணும். வேலை போயிரும்."

"தெரியும்."

"பிறகு என்னத்துக்கு இது? அப்பன் செஞ்சதுக்கு மகளா?"

"நான் யாரையும் நடுவழியில விடல. என்கூட முழிச்ச ரெண்டு பேரும் விடல. எங்க தாத்தன் செஞ்சதுக்கு அவங்கள இப்ப துடைச்சாச்சு. அவரு கைப்பட எழுதின லெட்டரு."

ஜெசிந்தா பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அவரு கால்ல சூடு வச்சியே. அது?"

"கையெழுத்து வேணும்லா."

"மனுசன் அழுதாரு. உன்னைய ஏத்துக்கிட்டாரு. மாறிட்டாரு."

"நாங்க மாறி ஏழு வருசம் ஆச்சு," என்றது அணில்.

கூடத்தில் வரிசையாக நின்ற மற்ற அணில்கள் விளக்கை அணைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தன.

"சரி, சொல்லு," என்றாள் ஜெசிந்தா. அணில் சொன்னது. அவள் எழுதினாள்.

'பெருமதிப்பிற்குரிய ஆவுடையப்பன் அவர்களுக்கு. தங்கள் உபசரிப்புக்கு நன்றி. தங்கள் மகள் படித்தவர், பண்பானவர். அவரிடம் ஒரு குறையும் காணவில்லை. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுப் பிணைப்பு என்பதால் குடும்பத்தின் முற்காலத்தையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. விசாரித்த வகையில் எங்களுக்குத் திருப்தியில்லை. நல்ல இடமாக அமைய வாழ்த்துகிறோம்.'

"கடைசி வரிய எடுத்துரலாமா?" என்று கேட்டாள். "அது ரொம்பக் குத்தும்."

"மனுசங்க எழுதின பழைய லெட்டருங்க எல்லாத்துலயும் அந்த வரி இருந்துச்சு. மரியாதைக்குப் போடுவாங்கன்னு நெனச்சேன்."

அவள் அந்த வரியை எடுக்கவில்லை. காகிதத்தை மூன்றாக மடித்து உறையிலிட்டாள். சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, வேகவதியின் முத்திரையை அழுத்தி, ஆறும்வரை எடுக்காமல் பிடித்திருந்தாள். பிறகு உறையைக் காற்றுக்குழல் தபாலின் வாயில் வைத்துப் பிடியை இழுத்தாள். குழல் ஒருமுறை மூச்சை உள்ளிழுத்தது. ஏழாம் குமிழை நோக்கிக் கடிதம் போயிற்று.