விதோல்த்தின் அரை வாக்கியம்

அடுப்பில் பீட்ரூட் சூப் கொதித்துக்கொண்டிருந்தபோது, பூட்டிக் கிடந்த அறைக்குள்ளிருந்து யாரோ சொன்னார்கள்: "மூடுவது, ஜன்னலை..."

ஹலினாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அவள் கணவன் விதோல்த் தானே உருவாக்கிய மொழி அது. செய்கை முதலில், பொருள் பிறகு, அப்புறம் ஆள், கடைசியில் இடம். அந்த வீட்டில் வேலைகள் அப்படித்தான் பிரிந்தன. அவர் பாதி வாக்கியத்தை அந்தரத்தில் விடுவார். தன் பெயரைச் சொல்லி யார் தொடர்கிறாரோ, வேலை அவருடையது. யாரும் வாய் திறக்காவிட்டால் தட்டுகள் கழுவாமலே கிடக்கும். மகள் கிங்காவால் தொங்கும் வாக்கியத்தைப் பொறுக்கவே முடியாது, சிரித்துக்கொண்டே முடித்துவிடுவாள். ஹலினாதான் ஒவ்வொரு முறையும் கடைசியில் இடத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவாள். "தபால்காரருக்கே வந்துடுச்சு. உனக்கு என்னடி கஷ்டம்?" என்பார் விதோல்த். அக்டோபரில் அவரைப் புதைத்தபோதும் அவருடைய நண்பர்கள் அந்த மொழியில்தான் பேசினார்கள். ஹலினாவுக்குப் பாதிதான் விளங்கியது.

"மூடுவது, ஜன்னலை..." மறுபடியும். மறுபடியும். அவர் குரல்தான், ஈரத்துணிக்குள்ளிருந்து வருவதுபோல.

"ஹலினா! ஹலினாதான் மூடுறா, போதுமா?" என்று கத்தி, கரண்டியை வீசினாள்.

இரும்பின் குளிர் விரல்களில் உறைத்தபோது, கூடத்து ஜன்னலின் கொக்கியை அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள். நடந்துவந்த நினைவே இல்லை. கையிலிருந்து சூப் சொட்டி, தரை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

பியாவிஸ்தோக் நகரில் டிசம்பர் மதியங்கள் சாப்பிட்டு எழுவதற்குள் இருண்டுவிடும். வெந்நீர்க் குழாய்கள் சுவருக்குள் டக் டக்கென்று சூடேற, பூட்டிய கதவின் அடியிலிருந்து அவருடைய புகையிலை வாசமும், அதற்குப் பின்னால் தோண்டிய மண்ணின் வாசமும் கணுக்கால் உயரத்தில் தவழ்ந்துவந்தன.

"கூட்டிப்போவது, கிங்காவை..."

ஹலினா உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடிக்காவிட்டால் நடக்காது. யாரும் முடிக்கக் கூடாது. ஆனால் கிங்கா இன்று சூப் குடிக்க வருவதாகச் சொல்லியிருந்தாள். வராதே என்று சொல்லக் கைபேசியை எடுத்து அழைத்தாள்.

கிங்காவின் கைபேசி மாடிப்படியில் ஒலித்தது.

கிங்கா உள்ளே வந்து ஒரு பூட்ஸைக் கழற்றினாள். "என்னம்மா, அப்பாவோட பழைய டேப்பா? பாதியில நிக்குதே!" சிரித்தபடி வாயைத் திறந்தாள்.

ஹலினா பாய்ந்து பொத்தினாள்.

"கூட்டிப்போவது, கிங்காவை..."

உள்ளங்கைக்கு அடியில் உதடுகள் அசைந்தன. தன் பெயரைச் சொல்லிவிடுவாள். தானே நடந்து போய்விடுவாள். கூடாது. நான் கூட்டிப்போகிறேன். வெளியே. படியிறங்கி. தெருவுக்கு.

"ஹலினா!"

தன் பெயரைச் சொன்னதும் குரல் நின்றது. அவள் கால்கள் வாசலை நோக்கித் திரும்பின. மூச்சு வந்தது.

கதவுக்கு அப்பாலிருந்து விதோல்த், பொறுமையாக, அவள் எப்போதும் விட்டுவிடுவதைச் சேர்த்தார்.

"...என்னிடம்."

கால்கள் நின்றன. திரும்பின. பூட்டியிருந்த கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கில்லை. மகளின் வாயிலிருந்து கையை எடுக்கப் பார்த்தாள். விரல்கள் வரவில்லை. கிங்காவின் ஒற்றை பூட்ஸ் தரையில் இழுபட்டு, சிவப்புப் புள்ளிகளை ஒரே கோடாக்கிக்கொண்டு போனது.